அம்பத்தூர் எந்த மாவட்டம்?

வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்ட நாட்களில் சென்னையின் மேற்கு ஓரத்தில் காலை ஆறு மணிக்கே ஒரு விவாதம் தொடங்கிவிடும். டிவியில் பள்ளி விடுமுறை அறிவிப்பு ஓடும். சில நாள் சென்னை இருக்கும், திருவள்ளூர் இருக்காது. சில நாள் நேர்மாறாக இருக்கும். விடுமுறை அறிவிப்பவர் அந்தந்த மாவட்ட ஆட்சியர் என்பதால், ஒரே மழையில் நனையும் இரண்டு தெருக்களில் ஒன்றுக்கு லீவும் மற்றொன்றுக்குப் பள்ளியும் வாய்ப்பது இங்கே சகஜம். "நம்ம ஏரியா சென்னையா, திருவள்ளூரா?" என்று வாட்ஸ்அப் குழுவில் யாராவது கேட்பார்கள். அம்பத்தூர் ஓ.டி.யில் இருப்பவருக்கு ஒரு பதில். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் போய்விடக்கூடிய அயப்பாக்கத்தில் இருப்பவருக்கு வேறு பதில்.

நேரடி பதிலை முதலில் சொல்லிவிடலாம். அம்பத்தூர் 2018 முதல் சென்னை மாவட்டம். ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டம். மூன்று ஊருக்கும் அஞ்சல் குறியீட்டு எண் 600-இல்தான் தொடங்கும்; கடிதத்தில் மூன்றுக்குமே 'சென்னை' என்று எழுதுகிறோம். அதற்கும் மாவட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை. அஞ்சல் துறை கடிதம் பிரிப்பதற்காகப் போட்டுக்கொண்ட கோடு அது.

இந்தப் பதிலோடு விஷயம் முடிந்திருந்தால் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது. 2018-இல் மாறியது வருவாய்த் துறையின் கோடு. போலீஸ், தேர்தல், பத்திரப்பதிவு, ஆர்.டி.ஓ. என்று மற்ற ஒவ்வொரு துறைக்கும் தனித்தனிக் கோடு உண்டு. மக்கள் அலைக்கழிவது பெரும்பாலும் அந்தக் கோடுகள் ஒன்றோடொன்று பொருந்தாத இடங்களில்தான்.

அம்பத்தூரில் பழைய மனை ஒன்றின் பத்திரங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் இந்த ஊரின் மாவட்ட வரலாறே கிடைத்துவிடும். அறுபது, எழுபதுகளில் எழுதிய பத்திரத்தில் 'செங்கல்பட்டு மாவட்டம், சைதாப்பேட்டை தாலுகா, அம்பத்தூர் கிராமம்' என்று இருக்கும். பிறகு எழுதியதில் 'செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம்' என்று வரும். 1997-க்குப் பிந்தியதில் 'திருவள்ளூர் மாவட்டம், அம்பத்தூர் வட்டம்'. இப்போது எழுதுவதில் 'சென்னை மாவட்டம், அம்பத்தூர் வட்டம்'. மனை அங்குலம்கூட நகரவில்லை. சர்வே எண்ணும் கிராமமும்தான் அதன் உண்மையான விலாசம். மற்றதெல்லாம் மேலே மாறிக்கொண்டே வந்த தலைப்பு.

செங்கல்பட்டு என்பது சென்னை நகரத்தை மூன்று பக்கமும் சூழ்ந்திருந்த பெரிய மாவட்டம். அதன் கலெக்டர் அலுவலகம் பல ஊர்களில் மாறி மாறி இருந்தது, சைதாப்பேட்டையிலும் இருந்திருக்கிறது. 1968-இல் காஞ்சிபுரத்துக்குப் போனது. 1997 ஜூலை 1-ஆம் தேதி அந்த மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டானது. மாவட்டங்களுக்குத் தலைவர்களின் பெயர் வைப்பதை அரசு அந்த ஆண்டுதான் கைவிட்டது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி, மாதவரம், திருவொற்றியூர் எல்லாம் திருவள்ளூர் பக்கம் வந்தன. காஞ்சிபுரம் வரை போவதற்குத் திருவள்ளூர் பரவாயில்லை. புறநகர் ரயிலிலேயே போய்விடலாம். அந்த அளவில் அது ஊருக்கு நல்லதே செய்தது.

சிக்கல் ஆரம்பித்தது 2011-இல். சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் என 42 உள்ளாட்சி அமைப்புகள் அதில் கரைந்தன. 10 மண்டலங்கள் 15 ஆயின. 155 வார்டுகள் 200 ஆயின. அம்பத்தூர் நகராட்சி மறைந்து 7-வது மண்டலமானது. மதுரவாயலும் வளசரவாக்கமும் 11-வது மண்டலத்துக்குப் போயின. அந்த ஆண்டு அக்டோபரில் அம்பத்தூர்க்காரர் சென்னை மேயருக்கு ஓட்டுப் போட்டார்.

ஆனால் மாவட்டக் கோடு பழைய இடத்திலேயே நின்றது. அம்பத்தூர்க்காரர் சொத்து வரியைச் சென்னை மாநகராட்சிக்குக் கட்டினார். குப்பை அள்ளவில்லை என்றால் ரிப்பன் மாளிகைக்குப் புகார் அனுப்பினார். பட்டாவில் பிழை திருத்தும் மேல்முறையீடு கலெக்டர் வரை போனால் மட்டும் திருவள்ளூர் ரயில் ஏறினார். அந்த ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் அம்பத்தூரின் 4.66 லட்சம் பேர் திருவள்ளூர் மாவட்டக் கணக்கில்தான் வந்தார்கள். மாநகராட்சி ஒரு மாவட்டத்திலும் அதன் மண்டலங்கள் மூன்று மாவட்டங்களிலுமாக ஏழு ஆண்டுகள் ஓடின. 2015 பெருவெள்ளம் வந்ததும் இந்த இடைக்காலத்தில்தான். கால்வாயை அடைத்த குப்பைக்கு மாநகராட்சி பொறுப்பு. ஏரியை ஒட்டிய புறம்போக்கு ஆக்கிரமிப்புக்கு இன்னொரு மாவட்டத்தின் தாசில்தார் பொறுப்பு. இரண்டு பேரும் ஒரே கூட்டத்தில் உட்கார வேண்டுமென்றால் இரண்டு கலெக்டர்கள் பேசிக்கொள்ள வேண்டும்.

2018 ஜனவரியில் சென்னை மாவட்டத்தை மாநகராட்சி எல்லை அளவுக்கு விரிக்க அரசாணை வந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. திருவள்ளூரிலிருந்து அம்பத்தூர், மதுரவாயல், மாதவரம், திருவொற்றியூர் பகுதிகளும், காஞ்சிபுரத்திலிருந்து ஆலந்தூர், சோழிங்கநல்லூர் பகுதிகளும் சென்னைக்கு வந்தன. அந்த மாற்றத்தோடு சென்னை மாவட்டத்துக்கு 16 வட்டங்கள் ஆயின. மேலே மூன்று வருவாய்க் கோட்டங்கள். இவ்வளவு விரிந்த பிறகும் பரப்பளவில் தமிழ்நாட்டின் மிகச் சிறிய மாவட்டம் சென்னைதான்.

இதை யார் செய்யலாம், எப்படிச் செய்யலாம் என்பதில் பலருக்கும் குழப்பம் உண்டு. திருவள்ளூர் மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது. திருத்தணி ஒருகாலத்தில் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி. முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1959-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. மாநில எல்லையைத் தொட அரசியலமைப்பின் 3-வது பிரிவின்படி நாடாளுமன்றம்தான் வேண்டும். மாவட்ட எல்லைக்கு அது தேவையில்லை. மாநில அரசின் அரசாணையும் அரசிதழ் அறிவிக்கையும் போதும். திருத்தணி வருவதற்கு டெல்லி வேண்டியிருந்தது. அம்பத்தூர் போவதற்குக் கோட்டையிலிருந்து ஒரு தாள் போதுமானதாக இருந்தது.

அந்தத் தாளுக்குப் பின்னால் நடக்கும் வேலை நீளமானது. சம்பந்தப்பட்ட கலெக்டர்கள் முன்மொழிவு அனுப்ப வேண்டும். அது எழிலகத்தில் உள்ள வருவாய் நிர்வாக ஆணையரிடம் போகும். அங்கிருந்து வருவாய்த் துறைச் செயலகத்துக்குப் போகும். புது மாவட்டமே உருவாகிறது என்றால் ஐ.ஏ.எஸ். அதிகாரி ஒருவரைத் தனி அலுவலராகப் போடுவார்கள். கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும். எந்த ஊர் எந்தப் பக்கம் என்பதில் மனுக்கள் குவியும். 2019 நவம்பரில் தென்காசி, கள்ளக்குறிச்சி, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, செங்கல்பட்டு என ஐந்து மாவட்டங்கள் ஒரே வாரத்துக்குள் வரிசையாகத் தொடங்கி வைக்கப்பட்டபோது இந்த வழிதான் நடந்தது. 2020 டிசம்பரில் மயிலாடுதுறை வந்து எண்ணிக்கை 38 ஆனது.

கோடு போடும்போது அதிகாரிகள் கையில் எடுக்கும் அலகு வருவாய்க் கிராமம். கிராமங்கள் சில சேர்ந்தால் குறுவட்டம்; குறுவட்டங்கள் சேர்ந்தால் வட்டம்; வட்டங்கள் சேர்ந்தால் கோட்டம்; கோட்டங்கள் சேர்ந்தால் மாவட்டம். கூடியவரை கிராமத்தை உடைக்காமல் முழுசாகத் தூக்கி வைப்பார்கள். காரணம், 'அ' பதிவேடு, சிட்டா, புலப்படம் என எல்லா நிலப் பதிவும் கிராமவாரியாகத்தான் கட்டப்பட்டிருக்கிறது. கிராமத்தை வெட்டினால் அத்தனை பதிவேட்டையும் வெட்ட வேண்டும். முழுக் கிராமமாக மாறினால் கோப்பு மூட்டையோடு மூட்டையாக அடுத்த அலுவலகத்துக்குப் போய்விடும்.

சரி, அம்பத்தூர்க்காரருக்கு 2018-இல் உண்மையில் என்ன மாறியது? பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் மாறவில்லை என்பதுதான் நிஜம். சாதிச் சான்று, வருமானச் சான்று, வாரிசுச் சான்று எல்லாம் வட்டாட்சியர் அலுவலகத்தோடு முடிகிற வேலை. அம்பத்தூர் வட்டத்துக்கு அலுவலகம் அம்பத்தூரிலேயே இருக்கிறது. விண்ணப்பமும் இப்போது இ-சேவை மையம் வழியாகத்தான். தாசில்தாரைத் தாண்டி மேலே போகிறவர்களுக்குத்தான் வித்தியாசம் தெரிந்தது. நில வழக்கில் மேல்முறையீடு, திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டம், கலெக்டர் கையெழுத்து வேண்டிய உரிமங்கள் எல்லாம் திருவள்ளூரிலிருந்து ராஜாஜி சாலையிலுள்ள சென்னைக் கலெக்டர் அலுவலகத்துக்கு வந்தன. இணையத்தில் பட்டா எடுக்கும்போதும் மாவட்டப் பட்டியலில் சென்னையைத் தேர்ந்தெடுத்தால்தான் அம்பத்தூர் வட்டம் வரும். பழைய நினைப்பில் திருவள்ளூரைச் சொடுக்கிவிட்டு "நம்ம கிராமமே காணோமே" என்று பதறுகிறவர்கள் இன்றைக்கும் உண்டு.

மாறாதவற்றைப் பார்ப்போம். முதலில் ஓட்டு. சட்டமன்ற, நாடாளுமன்றத் தொகுதிகளை வரைவது தொகுதி மறுவரையறை ஆணையம். இப்போதுள்ள தொகுதிகள் 2001 மக்கள்தொகையை வைத்து 2008-இல் உறுதியானவை. அதன்படி அம்பத்தூர், மதுரவாயல் இரண்டும் ஸ்ரீபெரும்புதூர் நாடாளுமன்றத் தொகுதியில் இருக்கின்றன. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் நாடாளுமன்றத் தொகுதி. மாவட்டம் மாறி மூன்று ஆண்டு கழித்து நடந்த 2021 சட்டமன்றத் தேர்தலிலும் அம்பத்தூர், மதுரவாயல், மாதவரம், திருவொற்றியூர் ஆகிய நான்கையும் சேர்த்துத் திருவள்ளூர் மாவட்டத்துக்கு 10 தொகுதிகள் என்றே கணக்கு; சென்னைக்கு அதே பழைய 16. ஆக, வருவாய்க்குச் சென்னைக் கலெக்டர், தேர்தலுக்குத் திருவள்ளூர்க் கலெக்டர்.

அடுத்தது போலீஸ். 2022 ஜனவரி 1 முதல் ஆவடியிலும் தாம்பரத்திலும் தனிக் காவல் ஆணையரகங்கள் செயல்படத் தொடங்கின. அம்பத்தூர் ஆவடி ஆணையரகத்துக்குப் போனது. வருவாய் வரைபடத்தில் அம்பத்தூரைச் சென்னையோடு சேர்த்து நாலு வருடம்கூட ஆகவில்லை. போலீஸ் வரைபடம் அதைச் சென்னையிலிருந்து பிரித்து ஆவடியோடு சேர்த்தது. இரண்டு முடிவுக்கும் தனித்தனியாக நியாயம் இருக்கிறது. குற்றமும் போக்குவரத்தும் மாநகராட்சி எல்லையைப் பார்த்து நிற்பதில்லை, அம்பத்தூர் முதல் ஆவடி வரை சி.டி.எச். சாலை (சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலை) ஒரே ஆணையர் கையில் இருப்பது நல்லதுதான். ஆனால் ஒரு துறை இன்னொரு துறையைக் கலந்துகொண்டு வரைந்ததாகத் தெரியவில்லை என்பது என் எண்ணம்.

இந்தப் போலீஸ் கோட்டின் பலத்தை நாம் 2020-இல் பார்த்தோம். ஜூன் 19 முதல் 30 வரை சென்னையில் முழு ஊரடங்கு போட்டபோது, அரசு மாவட்டப் பெயரை மட்டும் நம்பவில்லை. சென்னைப் பெருநகரக் காவல் எல்லை என்று ஆணையில் எழுதியது. அன்றைக்கு அந்த எல்லை ஆவடி, பூந்தமல்லி வரை நீண்டிருந்தது. திருவள்ளூர் மாவட்டக்காரர் சென்னை ஊரடங்கில் அடைபட்டார். 

இன்னொரு கோடு வாகனப் பதிவு. அம்பத்தூருக்கு டி.என். 13, பூந்தமல்லிக்கு டி.என். 12, திருவள்ளூருக்கு டி.என். 20. வண்டி எண்ணை வைத்து மாவட்டம் சொல்ல முடியாது. பத்திரப்பதிவும் அப்படியே. அம்பத்தூர் வருவாய்ப்படி செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களில் இருந்த காலத்துப் பத்திரங்களிலேயே 'வட சென்னைப் பதிவு மாவட்டம், அம்பத்தூர் சார்பதிவகம்' என்று இருக்கும். பதிவுத் துறை தன் வசதிக்குப் பிரித்துக்கொண்ட மாவட்டம் அது. நீதிமன்ற எல்லையும் வருவாய் அரசாணையோடு தானாக நகர்வதில்லை. அதற்கு உயர் நீதிமன்றத்தோடு கலந்து தனி ஆணை வர வேண்டும். வழக்குப் போட நினைப்பவர்கள் எந்த நீதிமன்றம் என்பதை வக்கீலிடம் கேட்டுக்கொண்டு போவது நல்லது.

பெயர்கள் செய்யும் கூத்து தனி. வில்லிவாக்கம் பல பத்தாண்டுகளாகச் சென்னை நகரத்துக்குள் இருக்கிறது. ஆனால் வில்லிவாக்கம் ஊராட்சி ஒன்றியம் என்று ஒன்று இன்னும் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. அயப்பாக்கம் ஊராட்சி அந்த ஒன்றியத்தில்தான் வருகிறது. வில்லிவாக்கமே இல்லாத வில்லிவாக்கம் ஒன்றியம்! பரங்கிமலை ஒன்றியத்துக்கும் இதே கதை. மலை சென்னையில், ஒன்றியம் செங்கல்பட்டு மாவட்டத்தில். நகரம் விரிய விரிய ஒன்றியத்திலிருந்து ஊர்களை உருவிக்கொண்டே போனார்கள். பெயர்ப் பலகையை மட்டும் யாரும் கழற்றவில்லை.

கோடுகளை நேரில் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் போரூர் ரவுண்டானாவில் பூந்தமல்லி பஸ் ஏறலாம். போரூர் சென்னை மாவட்டம், மாநகராட்சியின் 11-வது மண்டலம். சற்று தூரத்தில் அய்யப்பன்தாங்கல். அது காஞ்சிபுரம் மாவட்டம், குன்றத்தூர் ஒன்றியம். அதையும் தாண்டினால் காட்டுப்பாக்கம். அது திருவள்ளூர் மாவட்டம், பூந்தமல்லி ஒன்றியம். பிறகு குமணன்சாவடி, பூந்தமல்லி. டிக்கெட் வாங்கிச் சில்லறை எண்ணி முடிப்பதற்குள் மூன்று மாவட்டம் கடந்துவிடும். குமணன்சாவடியில் இடது பக்கம் திரும்பி மாங்காடு போனால் மறுபடியும் காஞ்சிபுரம் மாவட்டம். இந்தச் சாலையின் மழைநீர் வடிகாலை எங்கே தொடங்கி எங்கே கொண்டுபோய் விடுவது என்று திட்டம் போடும் பொறியாளரை நினைத்துப் பாருங்கள். மாவட்டக் கோட்டை ஏன் அடிக்கடி மாற்றச் சொல்கிறார்கள் என்பது புரியும்.

ஆவடி, பூந்தமல்லி பக்கம் இன்னும் பாக்கி இருக்கிறது. ஆவடி 2019 ஜூனில் மாநகராட்சி ஆனது. அதோடு பூந்தமல்லி, திருவேற்காடு, திருநின்றவூர் ஆகியவற்றைச் சேர்க்கும் யோசனை அப்போதிருந்தே எழுந்து வருகிறது. இங்கே ஒன்றைத் தெளிவாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். மாநகராட்சி எல்லை விரிந்தால் சொத்து வரி, குடிநீர், வார்டு, நூறு நாள் வேலை இவையெல்லாம் மாறும். ஊராட்சி மாநகராட்சியில் கரைந்தால் நூறு நாள் வேலை போய்விடும் என்பதுதான் கிராமங்களில் எழும் முதல் எதிர்ப்பு. அது நியாயமான பயமும்கூட. மாவட்ட எல்லை மாறினால் இவற்றில் எதுவும் மாறாது. கலெக்டர் மட்டும்தான் மாறுவார். இரண்டையும் குழப்பிக்கொண்டு "எங்களைச் சென்னை மாவட்டத்தில் சேர்த்துவிட்டால் மெட்ரோ தண்ணீர் வந்துவிடும்" என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். வராது. குழாய் போடுவது கலெக்டர் வேலை இல்லை.

சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) எல்லையும் இன்னொரு பொய் நம்பிக்கை. சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது; 2022 அக்டோபரில் 5,904 ஆக விரித்தார்கள். மனை விளம்பரக்காரர்கள் 'சி.எம்.டி.ஏ. எல்லைக்குள்' என்றால் சென்னை என்று காதில் விழும்படி சொல்வார்கள். அது மனைப்பிரிவுக்கும் கட்டட அனுமதிக்கும் உரிய கோடு மட்டுமே. ராணிப்பேட்டை மாவட்டத்தின் ஒரு பகுதிகூட அதற்குள் வருகிறது.

அடுத்த மாற்றம் எப்போது வரலாம்? மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நெருங்கும்போது நாடு முழுவதும் மாவட்ட, வட்ட, கிராம எல்லைகளை உறைய வைத்துவிடுவார்கள். எண்ணிக்கொண்டிருக்கும்போது எல்லை நகர்ந்தால் ஆட்கள் இரண்டு இடத்திலும் வருவார்கள், அல்லது எங்கும் வரமாட்டார்கள். 2019 நவம்பரில் ஐந்து மாவட்டங்களை அத்தனை அவசரமாகத் தொடங்கியதற்கு அந்த ஆண்டு இறுதியில் காத்திருந்த கெடுவும் ஒரு காரணம் என்றே எனக்குப் படுகிறது. கொரோனாவால் கணக்கெடுப்பு தள்ளிப்போனது. கெடுவும் பலமுறை தள்ளியது. இப்போது 2027 கணக்கெடுப்புக்காக 2026 ஜனவரி 1 முதல் 2027 மார்ச் 31 வரை எல்லைகள் உறைநிலையில் இருக்கும். அதுவரை ஆவடியும் பூந்தமல்லியும் எண்ணப்படுவது திருவள்ளூர்க் கணக்கில். அம்பத்தூர் முதல்முறையாகச் சென்னை மாவட்டக் கணக்கில் வரும். முந்தைய எண்ணோடு ஒப்பிட்டு "சென்னையின் மக்கள்தொகை தாவியது, திருவள்ளூர் தேய்ந்தது" என்று யாராவது எழுதினால் நம்ப வேண்டாம். அதில் பெரும்பகுதி கோடு நகர்ந்ததால் வந்தது.

2018 மாற்றம் சரியானதுதான். மாநகராட்சியும் மாவட்டமும் ஒரே எல்லையில் நிற்பது வெள்ளக் காலத்துக்கும் நிலப் பிரச்சினைக்கும் உதவும். ஆனால் அதை 2011-லேயே செய்திருக்கலாம். ஏழு ஆண்டுத் தாமதத்துக்கு நியாயம் ஏதும் எனக்குப் புலப்படவில்லை. இனி எல்லை மாற்றும்போது வருவாய், காவல், பதிவு, தேர்தல், நீதிமன்றம், பள்ளிக் கல்வி என்று ஒவ்வொரு துறைக்கும் அந்த ஊர் எதன் கீழ் வருகிறது என்பதை ஒரே பக்கத்தில் அச்சிட்டு, வட்டாட்சியர் அலுவலக வாசலிலும் இ-சேவை மையத்திலும் ஒட்ட வேண்டும். அரசுக்கு இதில் செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை.

அதுவரை நீங்கள் செய்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான். ஆதாரிலோ பழைய பத்திரத்திலோ பழைய மாவட்டப் பெயர் இருப்பதாலேயே அது செல்லாததாகிவிடாது; அதற்காக யாருக்கும் பணம் கொடுத்து மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். புதிதாகப் பத்திரம் எழுதும்போது மட்டும் 'முன்பு செங்கல்பட்டு மாவட்டம் சைதாப்பேட்டை வட்டம், பின்னர் திருவள்ளூர் மாவட்டம் அம்பத்தூர் வட்டம், தற்போது சென்னை மாவட்டம் அம்பத்தூர் வட்டம்' என்று மூன்றையும் தொடர்ச்சியாக எழுதச் சொல்லுங்கள். கிராமத்தின் பெயரும் சர்வே எண்ணும் பழைய பத்திரத்தில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று கையெழுத்துப் போடும் முன் ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.